நின்றுபோன எழுத்துருவுக்கு ஈடு தேடுவது எப்படி?

மற்றவர்களும் பின்தொடர வசதியாக, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் 1998 முதல் ஆண்டு மலர் வெளியிடுகிறது. கட்டுரைகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அமைந்தவை. தலைப்புகளுக்கு விலை கொடுத்து வாங்கிய தடித்த எழுத்துரு ஒன்றைப் பயன்படுத்தினீர்கள். அதை உருவாக்கியவர் விற்பனையை நிறுத்திவிட்டார். மலர் செய்த பழைய கணினியும் பழுதாகிவிட்டது. புதிய கணினியில் பழைய கோப்புகளைத் திறந்தால் தலைப்புகள் வேறு உருவத்தில் வருகின்றன. கட்டுரைகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. “இதே எழுத்துரு வேறு பெயரில் கிடைக்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கலாம். ஆனால் அதைத் தேடுவது உங்கள் வேலையின் கடைசிப் படி. ஆங்கிலத்தில் மலர் செய்பவருக்கு ஓர் எழுத்துரு இல்லாமல் போனால் பக்கத்தின் தோற்றம் மட்டும் மாறும், சொற்கள் அப்படியே இருக்கும். பாமினியில் வேலை செய்த நமக்கு எழுத்துருவோடு சொற்களும் போய்விடுகின்றன. ஆகவே முதலில் சொற்களை மீட்டெடுங்கள். அதன்பிறகு பழைய எழுத்துரு உங்கள் பக்கத்தில் என்ன வேலை செய்தது என்று கவனித்து, அந்த வேலையைச் செய்யக்கூடிய இன்னொன்றை அமர்த்துங்கள். நான் யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளாகப் பக்க வடிவமைப்புச் செய்கிறேன். அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக 31 ஆம் நாளில் வெளியிடும் சிறு நூல்கள்), கோயில் மகோற்சவ விஞ்ஞாபனங்கள், சனசமூக நிலைய ஆண்டறிக்கைகள், உங்களுடையதைப் போன்ற மலர்கள் என்று எல்லாவற்றிலும் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கிறேன். முகச்சாயலை மட்டும் பார்த்து எழுத்துரு தேடியவர்கள் பல நாட்களை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எழுத்துரு நின்றுபோவதில் பல வகை உண்டு. உங்களுடையது எந்த வகை என்று முதலில் பிரித்தறிய வேண்டும். உருவாக்கியவர் விற்பதை நிறுத்தினார் என்பதால் நீங்கள் ஏற்கெனவே வாங்கிய பிரதி செல்லாமல் போய்விடுவதில்லை. பழைய குறுவட்டு, பற்றுச்சீட்டு, மின்னஞ்சல் எதிலாவது அது இருக்கிறதா என்று தேடுங்கள். பழுதான கணினியின் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் பாருங்கள். கணினி பழுதானாலும் வன்தட்டு நன்றாக இருப்பது சாதாரணம். கோப்பு கிடைத்தும் மென்பொருள் அதை ஏற்கவில்லை என்றால், அது டைப் 1 என்ற பழைய வகையாக இருக்கக்கூடும். அடோபி நிறுவனம் போட்டோஷாப்பில் 2021 இலும், இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் முதலியவற்றில் 2023 ஜனவரியிலும் அந்த வகைக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அதுவரை ஒழுங்காக வேலை செய்த எழுத்துருக்கள் ஒரு மேம்படுத்தலோடு பட்டியலில் இருந்து காணாமல் போனதற்குக் காரணம் இதுதான். அப்படியானால் எழுத்துரு அழியவில்லை, அதன் பொதிதான் பழையதாகிவிட்டது. ஃபொன்ட்ஃபோர்ஜ் போன்ற இலவச மென்பொருளால் அதை இன்றைய ஓப்பன்டைப் வடிவுக்கு மாற்றலாம். மாற்றுவதற்கு முன் உரிமப் பத்திரத்தை வாசியுங்கள். சில உரிமங்கள் மாற்றத்தை அனுமதிக்கின்றன, சில தடுக்கின்றன. உருவாக்கியவரின் முகவரி கிடைத்தால் ஒரு கடிதம் எழுதிக் கேட்பதே சிறந்தது. விற்பதை நிறுத்தியவர்கள் பழைய வாடிக்கையாளருக்கு உதவ மறுப்பது அரிது என்பது என் அனுபவம்.

இனிப் பாமினிக்கு வருகிறேன். இதில் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் உங்கள் இருபத்தைந்து ஆண்டுக் கட்டுரைகள் இதில்தான் அடைபட்டிருக்கின்றன.

பாமினியில் ‘தமிழ்’ என்று எழுத நாம் ஆங்கில விசைகளில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்தைத் தட்டினோம். கணினி சேமித்து வைத்ததும் அந்த ஐந்து குறிகளைத்தான். பாமினி என்ற உடுப்பைப் போட்டால் அவை தமிழாகத் தெரியும், உடுப்பைக் களைந்தால் ஆங்கிலக் குப்பை. உங்கள் திரையில் இப்போது தெரிவது அந்தக் குப்பை. பாமினியை மறுபடி நிறுவினால் கட்டுரைகள் உடனே தெரியத் தொடங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் அதோடு நிறுத்திவிட்டு அடுத்த மலரையும் பாமினியிலேயே தொடர வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். புதிய மென்பொருள் அந்த வாசகத்தை ஆங்கிலம் என்றே நம்பும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றும் வசதி இயங்கினால், எம் என்ற விசையில் இருக்கும் ‘அ’ பெரிய எம்மில் இருக்கும் ‘ஆ’வாக மாறி, ‘அன்பு’ ‘ஆன்பு’ ஆகிவிடும். ஒப்புநோக்குபவர் பத்து முறை திருத்தினாலும் மென்பொருள் பதினோராம் முறை மாற்றும். அதிலிருந்து எடுத்த பிடிஎஃப்பில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது. வாசகத்தைப் பிரதி எடுத்துக் கைபேசியில் ஒட்டினால் வாசிக்க முடியாது.

ஆகவே கட்டுரைகளை ஒருங்குறிக்கு, அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோட் முறைக்கு, மாற்றுங்கள். மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் நன்றாகவே மாற்றுகின்றன. அவை தவறும் இடங்கள் சில குறிப்பிட்டவை, அவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் ஒப்புநோக்கல் விரைவாக முடியும். பாமினியில் ‘கொ’ என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் முதலில் கொம்பு (ெ), அடுத்து க, அடுத்து அரவு (ா) என்று தட்டினோம். ஒருங்குறியில் க முதலில் வரும், அதன் பின்னால் உயிர்க்குறி. மாற்றி இந்த ஒழுங்கைத் திருப்ப வேண்டும். தட்டச்சு செய்தவர் இடையில் தவறுதலாக ஓர் இடைவெளி விட்டிருந்தால் கொம்பு தனியே ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். அந்தப் புள்ளி வட்டத்தைத் தேடியே பாதிப் பிழைகளைக் கண்டுபிடிக்கலாம். அடுத்தது ஆங்கிலப் பகுதிகள். பாமினியில் ‘இ’ காற்புள்ளி விசையில் இருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதிய முகவரியையும் சேர்த்து மாற்றிக்குள் போட்டால் எழுத்துகள் உருமாறுவதோடு காற்புள்ளி ஒவ்வொன்றும் ‘இ’ ஆகிவிடும். ஆங்கில வரிகளை முன்கூட்டியே பிரித்து எடுத்துவிடுங்கள். ‘கௌரவம்’ போன்ற சொற்களில் ஔகாரக் குறி வர வேண்டிய இடத்தில் ‘ள’ என்ற எழுத்து வந்து உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும், தேடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

‘ஸ்ரீ’ ஒரு தனிக் கதை. நம் ஊரில் கோயில் பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் அது இல்லாத பக்கம் குறைவு. ஒருங்குறியில் அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005 இல் வெளிவந்த 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். எழுத்துரு இரண்டையும் அறிந்திருந்தால் ஒரே உருவம் வரும். ஒன்றை மட்டும் அறிந்திருந்தால் மற்றது ‘ஸ்’ தனியாக ‘ரீ’ தனியாக உடைந்து நிற்கும். ஆகவே மாற்றியபின் மலர் முழுவதும் ‘ஸ்ரீ’யை ஒரே முறைக்குக் கொண்டுவாருங்கள்.

பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பழைய கோப்புகள் திறக்கவே மறுத்தால், அந்த மென்பொருள் உள்ள கணினி யாரிடமாவது இருக்கிறதா என்று நகரிலுள்ள அச்சகங்களில் விசாரியுங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வெளிவந்தது 2001 இல். இருந்தும் இன்றுவரை அதை ஓரத்தில் வைத்திருக்கும் அச்சகங்கள் உண்டு. அங்கே வாசகத்தை மட்டும் வெறும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்துக்கொண்டு வந்தால் போதும். அதுவும் இயலாவிட்டால் அச்சிட்ட மலரை வருடி (ஸ்கான் செய்து), படத்தில் உள்ள எழுத்தை வாசித்துத் தரும் எழுத்துணரி மூலம் மீட்கலாம். அதற்கு ஒப்புநோக்கல் வேலை பல மடங்கு அதிகம்.

சொற்கள் கைக்கு வந்தபின் எழுத்துருவின் வேலையை அளக்கத் தொடங்குங்கள். திரையில் அளக்காதீர்கள், அச்சிட்ட மலரில் அளந்து பாருங்கள். தமிழில் ப, ம, ய, ட போன்ற எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்கும். வாசிப்பவரின் கண் பற்றிக்கொள்வது இந்த உயரத்தைத்தான். பழைய பக்கத்தில் ‘ப’ எத்தனை மில்லிமீற்றர் என்று பாருங்கள். மென்பொருளில் 12 புள்ளி (பொயின்ட்) என்று நீங்கள் கொடுக்கும் அளவு இந்த உயரத்தைக் குறிப்பதில்லை. 12 புள்ளியில் ஓர் எழுத்துருவின் ‘ப’ 2.1 மில்லிமீற்றரும் இன்னொன்றின் ‘ப’ 1.9 மில்லிமீற்றரும் இருக்கலாம். அப்படியானால் புதியதை 12 × 2.1 ÷ 1.9 என்று கணக்கிட்டு ஏறக்குறைய 13.25 புள்ளியில் வைத்தால்தான் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். இந்த ஒரு கணக்கைச் செய்யாமல் “புதிய எழுத்துரு சிறியதாக இருக்கிறது, பிடிக்கவில்லை” என்று நல்ல எழுத்துருக்களைத் தள்ளிவிடுகிறார்கள்.

உயரத்துக்கு அடுத்தது அகலம். இதில் நான் ஒருமுறை செய்த தவற்றைச் சொல்கிறேன். கனடாவில் உள்ள ஒரு குடும்பத்துக்காக ஒரு கல்வெட்டுச் செய்தேன். 31 ஆம் நாள் அந்தியேட்டிக்கு அது கையில் இருந்தே ஆக வேண்டும்; நாளைத் தள்ளிப்போட முடியாது. கடைசி நேரத்தில் பழைய எழுத்துருவை விட்டுவிட்டு ஒருங்குறி எழுத்துரு ஒன்றுக்கு மாறினேன். பழையதில் ஒரு வரிக்குச் சராசரியாக 34 எழுத்துகள் அடங்கின, புதியதில் 31. பார்க்கச் சிறு வேறுபாடுதான். ஆனால் 48 பக்கங்கள் 34 ÷ 31 மடங்காக விரிந்து 53 ஆகின. நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்கில் வர வேண்டும், ஆகவே 56. தாள் வாங்கியாகிவிட்டது, விலை பேசியாகிவிட்டது. நான் எழுத்துகளை அகலவாக்கில் 88 சதவீதமாக நெருக்கி 48 பக்கத்துக்குள் அடக்கினேன். நெருக்கும்போது நிமிர்ந்த கோடுகள் மெலிந்துவிடும், கிடைக்கோடுகள் அப்படியே இருக்கும். ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பஞ்சபுராணம் அச்சான பக்கத்தை இறந்தவரின் தமக்கையார் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டு வாசிக்க முயன்று, பிறகு பக்கத்தில் இருந்த பேரனிடம் கொடுத்ததை நேரில் பார்த்தேன். அவர் ஓத வேண்டிய தேவாரம் அது. அன்றிலிருந்து எழுத்தை நெருக்குவதில்லை.

நெருக்காமல் எப்படி அடக்குவது? அகலத்திலேயே பல வடிவங்கள் வரையப்பட்ட எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதே வழி. அநேக் தமிழ் என்ற எழுத்துரு ஒடுக்கமானதில் இருந்து விரிந்தது வரை பல அகலங்களில் வருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழிலும் நோட்டோ செரிஃப் தமிழிலும் ஒடுங்கிய வடிவங்கள் உண்டு. இவற்றில் ஒடுங்கிய வடிவத்தை வடிவமைப்பாளர் தனியே வரைந்திருப்பதால் கோட்டின் தடிப்பும் சுழியின் வெளியும் காப்பாற்றப்பட்டிருக்கும். இன்னொன்று: செய்யுள் வரும் வேலைகளில் அகலத்தைக் கட்டுரையைக் கொண்டு தீர்மானிக்க வேண்டாம். மலரில் வரும் மிக நீளமான செய்யுளடியை எடுத்து, அது மடியாமல் ஒரு வரியில் நிற்கிறதா என்று பாருங்கள். பாடசாலைக் கீதம் உங்கள் மலரில் வரும், அதிலிருந்தே தொடங்கலாம்.

சாயல் பற்றிப் பேசும் இடம் இதுதான். இரண்டு எழுத்துருக்களை ஒப்பிடும்போது எல்லா எழுத்துகளையும் பார்க்கத் தேவையில்லை. ண, ழ, ஞ, இ, கூ, ளு, ஃ ஆகியவற்றைப் பாருங்கள். வடிவமைப்பாளரின் கை இவற்றில்தான் வெளிப்படும். கோடு ஒரே தடிப்பா, இடத்துக்கு இடம் தடித்து மெலிகிறதா? கொம்பின் சுழி மூடிய வட்டமா, திறந்த வளைவா? ழகரத்தின் வால் எவ்வளவு கீழே இறங்குகிறது? வால் நீண்ட எழுத்துருவுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம் புள்ளி. அது வட்டமா சதுரமா, எழுத்தில் இருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? புள்ளி எழுத்தை மிகவும் ஒட்டி நிற்கும் எழுத்துருவை மலிவான தாளில் அச்சிட்டால் மை பரவி, ‘க்’ என்பது ‘க’ போலத் தெரியும். புள்ளி இல்லாத தமிழை வாசிப்பது எவ்வளவு துன்பம் என்று ஓலைச்சுவடி வாசித்தவர்களைக் கேட்டால் தெரியும்.

சோதிக்க நான் வைத்திருக்கும் வாக்கியம் இது: “ஞாயிற்றுக்கிழமை மாலை 6.30 மணிக்கு ஸ்ரீ முருகன் ஆலயத்தில் கௌரி பூசை. கூழும் மோதகமும் வழங்கப்படும்.” சிக்கல் தரும் சேர்க்கைகள் பெரும்பாலும் இதற்குள் இருக்கின்றன, எண்களும் வந்துவிடுகின்றன. எண்களைக் கவனியுங்கள். தமிழெழுத்து அழகாக இருந்து, கூட வரும் எண்கள் மிகப் பெரிதாகவோ மெலிதாகவோ இருந்தால் நன்கொடையாளர் பட்டியல் பார்க்கச் சகிக்காது.

பெயர்களைச் சொல்லுங்கள் என்பீர்கள், சொல்கிறேன். தடித்து மெலியும் பழைய புத்தக முகம் வேண்டுமானால் டிரோ தமிழும் நோட்டோ செரிஃப் தமிழும். டிரோ தமிழின் வளைவுகளில் ஈய எழுத்தின் நினைவு இருக்கிறது. நீண்ட கட்டுரைக்கு நான் முதலில் எடுப்பது அதைத்தான். ஆனால் அதில் தடித்த வடிவம் கிடையாது. மென்பொருளின் தடிப்பு விசையை அழுத்தினால் அது எழுத்தின் விளிம்பைப் பருக்க வைத்துப் போலித் தடிப்பு ஒன்றைத் தரும், அது கண்ணுக்கு அழுக்காகத் தெரியும். துணைத்தலைப்புகளுக்குத் தடிப்பு தேவைப்பட்டால் நோட்டோ செரிஃப் தமிழை எடுங்கள். ஒரே தடிப்பில் ஓடும் முகம் வேண்டுமானால் முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான் மூன்றும் நல்லவை, பல தடிப்புகளில் வருகின்றன. கட்டமரான் என்பது நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த பெயர். உருண்டு திரண்ட தலைப்புக்குப் பலூ தம்பி. சுவரொட்டித் தன்மை வேண்டுமானால் கொழும்பின் மூனியாக் குழுவினரின் போஸ்ட் நோ பில்ஸ். அது சிங்களம், தமிழ், இலத்தீன் மூன்றையும் ஒரே கையால் வரைந்தது போல இருக்கும். மூன்று மொழிகளிலும் பெயர்ப்பலகை செய்ய வேண்டிய நமக்கு இது பெரிய ஆறுதல். அடக்கமான மும்மொழிப் பலகைக்கு நோட்டோ குடும்பம் ஒத்துவரும். தமிழை ஒரு குடும்பத்திலும் சிங்களத்தை இன்னொன்றிலும் எடுத்து, தமிழ் மட்டும் மெலிந்து கிடக்கும் பலகைகளை நகரில் நடந்து போகும்போதெல்லாம் பார்க்கிறேன். மனம் நோகிறது.

நான் இங்கே பரிந்துரைத்த எழுத்துருக்கள் யாவும் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளிவந்தவை. வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம், பிடிஎஃப்பில் பொதிக்கலாம், அச்சகத்துக்குக் கொடுக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியே விலைக்கு விற்பதுதான் கூடாது. யாரோ ஒருவரின் பென்டிரைவில் இருந்து வரும் பெயர் தெரியாத எழுத்துருக்களைச் சங்கத்தின் மலரில் போடாதீர்கள். விற்பனை நின்ற எழுத்துருவுக்கும் உரிமையாளர் இருக்கிறார்.

மலரின் பெயருக்கு வருகிறேன். வாசகர்களுக்கு மனதில் பதிந்திருப்பது கட்டுரைகளின் எழுத்துரு அல்ல, அட்டையில் இருக்கும் அந்தப் பெயரின் வடிவம். அதற்கு நீங்கள் எழுத்துரு தேடவே வேண்டாம். அதில் இருப்பது ஏழெட்டு எழுத்துகள். மிகத் துப்புரவாக அச்சான பழைய அட்டை ஒன்றை எடுத்து அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் வருடுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் அதைப் பின்னணியாக வைத்து, எழுத்தின் விளிம்பைக் கோடு கோடாக நீங்களே வரையுங்கள். தானாகத் தடம் எடுக்கும் வசதியை நம்பாதீர்கள். அது மை பரவிய விளிம்பையும் தாளின் நாரையும் சேர்த்தே பிடித்துவிடும். வளைவின் உச்சியிலும் பக்கத்திலும் மட்டும் கணுக்களை (கோட்டைப் பிடித்து வளைக்கும் இடங்களை) வைத்துக் குறைந்த கணுக்களில் வரைந்தால் கோடு வழுவழுப்பாக வரும். ஒரு மாலை நேரம் போதும். அதன்பிறகு அந்தப் பெயர் எந்த மென்பொருளையும் எழுத்துருவையும் சாராமல் ஒரு படமாக உங்களிடம் இருக்கும்.

அச்சிட்ட பழைய எழுத்தைப் பார்த்து ஈடு தேடுபவர்கள் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அச்சில் மை அழுந்திப் பரவுவதால் எழுத்து அதன் உண்மையான வடிவத்தைவிடத் தடித்தே தெரியும். ஈய எழுத்துக் காலப் பக்கங்களில் இது மிக அதிகம். 1841 இல் தொடங்கிய உதயதாரகை, மானிப்பாயில் 1842 இல் அச்சான அகராதி, வண்ணார்பண்ணையில் நாவலர் நிறுவிய அச்சியந்திரசாலையின் வெளியீடுகள் என்று நம் ஊரின் பழைய அச்சுகளைப் பார்த்து, அதே கம்பீரம் வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் உண்டு. நூலகம் எண்ணிம நூலகத்தில் பழைய ஈழத்து வெளியீடுகள் ஏராளமாக வருடப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தைச் சுற்றி மையின் பொங்கலைக் காணலாம். அந்தத் தடிப்பைத் திரையில் இருக்கும் எழுத்துருவின் சாதாரண வடிவத்தோடு ஒப்பிட்டு “இது மெலிந்தது” என்று தள்ளிவிடக் கூடாது. ஒரு படி தடித்த வடிவத்தை எடுத்து, உங்கள் அச்சகத்தின் தாளில் அச்சிட்டபின் ஒப்பிடுங்கள்.

அந்தக் காலப் பக்கங்களை மீள் அச்சாகக் கொண்டுவரும்போது இன்னொரு தடை வரும். ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் துதிக்கை போன்ற வளைவோடும், ணா, றா, னா ஆகியவற்றை ஒரே கூட்டெழுத்தாகவும் எழுதிய வடிவங்கள் பழைய அச்சில் இருக்கும். தமிழ்நாட்டு அரசு 1978 இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் அவை படிப்படியாக எல்லா இடங்களிலும் மறைந்தன. இன்றைய எழுத்துருக்களில் பெரும்பாலானவை சீர்திருத்த வடிவங்களையே தருகின்றன. ஆண்டு மலருக்கு அது தடையே இல்லை. ஸ்தாபகரின் பழைய வாழ்த்துரையை அதே கோலத்தில் போட வேண்டும் என்று சங்கம் விரும்பினால், அதைத் தட்டச்சு செய்யாமல் வருடிய படமாகவே போடுங்கள்.

உங்கள் மலருக்கு என் தெரிவைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரைகளுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், சாதாரணத் தடிப்பு. அளவைப் பகர உயரக் கணக்கின்படி கண்டுபிடியுங்கள். இரண்டு பத்தியாக அமைக்கும் பக்கங்களில் அதன் சற்று ஒடுங்கிய வடிவம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, குறுகிய பத்தியில் சொற்களுக்கிடையே ஆறு ஓடுவது போல வெள்ளை விழும். ஒடுங்கிய வடிவம் அதைக் குறைக்கும். கட்டுரைத் தலைப்புகளுக்கு அநேக் தமிழின் தடித்த வடிவம். நீங்கள் இழந்த எழுத்துருவும், உங்கள் விளக்கத்தில் இருந்து நான் புரிந்துகொண்டபடி, சதுரத் தன்மையும் ஒரே தடிப்பும் கொண்டது. ஆகவே வாசகர் உறுத்தலை உணரமாட்டார். அட்டையின் பெயர் மேலே சொன்னபடி கையால் வரைந்தது. இன்டிசைனில் பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான அடுக்கியை (World-Ready Composer) தெரிவு செய்ய மறக்க வேண்டாம். அதைச் செய்யாவிட்டால் எந்த நல்ல எழுத்துருவிலும் கொம்பு இடம் மாறி நிற்கும், நீங்கள் எழுத்துருவைக் குறை சொல்வீர்கள்.

முழு மலரையும் அமைப்பதற்கு முன் நான்கு பக்கம் மட்டும் செய்யுங்கள்: ஒரு நீண்ட கட்டுரை, பாடசாலைக் கீதம், நன்கொடையாளர் பட்டியல், மும்மொழி வாழ்த்து. மலரை அச்சிடப் போகும் அதே அச்சகத்தில், அதே தாளில் அச்சிட்டு, 2000 களின் மலர் ஒன்றின் பக்கத்தில் வைத்து, சங்கத்தின் மூத்த உறுப்பினர் இருவரிடம் கொடுங்கள். எழுத்துரு மாறியது என்று சொல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே தடுக்குகிறார்கள், எங்கே பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோகிறார்கள் என்று பாருங்கள். அந்த இடங்களில் அளவையோ வரி இடைவெளியையோ 0.25 புள்ளி வீதம் கூட்டுங்கள்.

மலர் முடிந்தபின் ஒரு கோப்புறையில் பயன்படுத்திய எழுத்துருக் கோப்புகள், அவற்றின் உரிமப் பத்திரம், அட்டைப் பெயரின் வரைபடம், எழுத்துரு பொதிந்த பிடிஎஃப், கட்டுரைகள் அனைத்தும் வெறும் ஒருங்குறி எழுத்துக் கோப்பாக என்று எல்லாவற்றையும் போட்டு, ஒரு பிரதியைச் சங்கச் செயலாளரிடமும் இன்னொன்றைப் பாடசாலை நூலகரிடமும் கொடுங்கள்.